காற்றின் அடர்த்தியும் ஊழின் எல்லையும்

திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழை மிஞ்சிய வலிமை ஏதுமில்லை என்று முடிகிறது. 62ஆம் அதிகாரமோ, சோராமல் உழைப்பவரிடம் அந்த ஊழே தோற்கும் என்கிறது. இந்தப் பழைய வழக்குக்கு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரு சாட்சியை அழைக்கலாம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஊரில் 1990 முதல் மோட்டார் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. தேசிய டிராக் பந்தயங்களும் அங்கே நடந்திருக்கின்றன. டிராக் பந்தயம் என்பது வளைவே இல்லாத ஓட்டம். அதன் மரபான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். வெற்றி தோல்வி சில சமயம் நொடியின் ஆயிரத்தில் சில பங்கில் தீர்ந்துவிடும்.

அந்தச் சில பங்கில் வானிலைக்குப் பெரிய கை உண்டு. எஞ்சின் பெட்ரோலை எரிக்கக் காற்று வேண்டும்; காற்றின் அடர்த்தி குறைந்தால் திறனும் குறையும். டிசம்பர் விடியலுக்கு 22 டிகிரி, மே மாதப் பிற்பகலுக்கு 38 டிகிரி என்று வைத்து, அழுத்தத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அடர்த்தியில் சுமார் 6 சதவீத வேறுபாடு வருகிறது. டர்போ இல்லாத எஞ்சினில் திறனும் ஏறத்தாழ அவ்வளவே இறங்கும். 12 நொடியில் ஓடும் வண்டி கால் நொடி பின்தங்கும். புழுக்கத்தில் காற்று கனத்துக் கிடப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் நீராவி உலர்காற்றைவிட லேசு. மாமல்லபுரக் கரையில் நண்பகலையொட்டி ஏறும் கடற்காற்று, உள்ளே இருங்காட்டுக்கோட்டை வரை வரும் நாளில், வெப்பத்தைத் தணித்து ஈரத்தைக் கூட்டுகிறது. 5 டிகிரி தணிந்தால் அடர்த்தி ஒன்றரை சதவீதம் ஏறும். ஈரம் அதில் சிறு பங்கைத்தான் தின்னும். இதை அறிந்த மெக்கானிக், ஏறிய காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலையும் கூட்ட, கார்புரேட்டரில் சற்றுப் பெரிய ஜெட்டைப் போடுவார்.

இதில் ஊழ் எது, முயற்சி எது? காற்று யாரும் கேட்காமல் வந்து சேர்ந்தது. அந்த அளவில் அது ஊழ். ஆனால் வெப்பமானியும் ஈரமானியும் அழுத்தமானியும் கைக்கு வந்த பிறகு, அவற்றைப் பாராமல் தோற்றவர் விதியைப் பழிக்க முடியாது. நேற்றைய ஊழ் இன்றைக்கு அசட்டை. ஊழுக்கும் முயற்சிக்கும் நடுவே எல்லை உண்டு, அறிவு வளர வளர அது நகர்கிறது என்பதே என் வாதம். எல்லாம் நியதிப்படியே நடக்கிறது என்ற பழைய மரபினரான ஆசீவகர் இதை ஏற்கமாட்டார். வெயில் நியதி என்றால், கருவி வாங்கும் வசதியும் அதைப் படிக்கும் புத்தியும் நியதிதான் என்பார். வசதியைப் பற்றி அவர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. பந்தயம் பணக்கார விளையாட்டு. ஆனால் ஒரு காரணத்தை அறிவதே இன்னொரு காரணமாகிறது. ஜெட் மாற்றிய வண்டியையும் மாற்றாத வண்டியையும் நியதி என்ற ஒரே போர்வையால் மூடினால், இரண்டின் நேரமும் ஏன் வேறுபட்டது என்பதற்கு விடையே இல்லை.

எண் எதற்கு, கரையோர மீனவர் வாடையையும் கொண்டலையும் உடம்பாலேயே அறிவாரே என்று கேட்கலாம். அறிவார், அந்த அறிவை நம்பித்தான் படகு இறங்குகிறது. ஆனாலும் புழுக்கக் காற்றைக் கனம் என்று சொன்னதும் இதே உடம்புதான். கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தார் கடற்காற்றைக் கருவி வைத்து ஆராய்கிறார்கள் என்றால், கசிவு நேர்ந்தால் அது எப்பக்கம் போகும் என்பதை அனுபவ ஊகத்துக்கு விட முடியாது என்பதால்தான்.

எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபம் திருத்திய நேரம் பற்றியது. வானிலையைக் கழித்து, கடல்மட்டத்துக் குளிர்ந்த உலர்காற்றில் இந்த வண்டி இத்தனை நொடியில் ஓடியிருக்கும் என்று ஓர் எண்ணைக் கணக்கிடுவது வழக்கம். ஊழை நீக்கிய தூய முயற்சி அதுதானே? அப்படி எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காற்றில் அந்த ஓட்டம் நடக்கவே இல்லை. நடந்திருந்தால் டயரின் பிடியும் ஓட்டுநரின் முடிவும் வேறாகியிருக்கலாம். அருகருகே ஓடும் இருவருக்கோ அந்த நொடியின் காற்று பொது, கழிக்க ஒன்றுமில்லை. திருத்திய நேரம் நேற்றைய செட்டிங்கை இன்றையதோடு ஒப்பிட மெக்கானிக்கின் குறிப்பேட்டுக்கு வேண்டும்; கோப்பையைத் திருத்தாத நேரத்துக்கே கொடுக்கலாம்.