நல்லா தூங்குறாங்க

ஐ.சி.யூ.வுக்குள் ஐந்து நிமிடம் போய்வந்த உறவினர், வராந்தாவில் காத்திருப்பவர்களிடம் முதலில் சொல்வது, “நல்லா தூங்குறாங்க” என்பதுதான். கேட்டவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். மறுத்துச் சொல்ல எனக்கும் மனம் வராது.

ஆனால் அது பல நேரம் தூக்கமில்லை. மிடாசோலமோ புரோபோஃபாலோ சிரிஞ்ச் பம்ப் வழியாக ஏறிக்கொண்டிருக்கும். இமை மூடும், கை கால் அடங்கும், வென்டிலேட்டர் குழாயோடு உடல் மல்லுக்கட்டாது. அதற்காகத்தான் அந்த மருந்து. குறை சொல்ல ஒன்றுமில்லை. மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால்தான் தெரியும், ஆழ்ந்த உறக்கமும் கனவு வரும் உறக்கமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று.

*

உறக்கம் கெடுவதற்கு எல்லாரும் சத்தத்தைத்தான் காரணம் சொல்வார்கள். வார்டில் இரவு ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐ.சி.யூ.க்களில் அளந்தால் 50க்கு மேல் நிற்கிறது. 1859இல் வந்த ‘நர்ஸிங் குறிப்புகள்’ நூலில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் சத்தத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மானிட்டர் இல்லாத காலம். அவருக்குக் கோபம் வந்தது கதவருகே கிசுகிசுப்பவர்கள் மீதும் சரசரக்கும் பாவாடைகள் மீதும்.

2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 22 நோயாளிகளின் உறக்கத்தை இரவு பகலாகப் பதிவு செய்தார்கள். விழிப்புகளில் சத்தத்தால் வந்தவை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். உறங்கிய நேரத்தில் பாதிக்கு மேல் பகலில் போயிருந்தது. கூட்டிப் பார்த்தால் சராசரி எட்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது, எல்லாம் சில்லறை.

*

“சிஸ்டர், இப்ப ராத்திரியா?” ஜன்னல் இல்லாத அறையில், ட்யூப் லைட்டுக்குக் கீழே, இது புத்தி தடுமாறியவர் கேட்கும் கேள்வியல்ல. தடுமாற்றம் அங்கிருந்து தொடங்கலாம், அவ்வளவுதான்.

*

எழுப்புவது பெரும்பாலும் அக்கறைதான். பி.பி. பார்க்க, சுகர் பார்க்க, சக்ஷன் போட, ரத்தம் எடுக்க, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப்போட. இதில் எதை வேண்டாம் என்பது?

*

உறக்கம் எப்படி இருந்தது என்று நோயாளியிடமே கேட்கும் ரிச்சர்ட்ஸ்–கேம்ப்பெல் கேள்வித்தாளில் ஐந்தே கேள்விகள். எவ்வளவு ஆழமாக உறங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள் என்ற மாதிரி. பதிலை ஒரு கோட்டின் மேல் குறித்தால் போதும்; தொண்டையில் குழாய் இருப்பவரும் விரலால் காட்டிவிடலாம். அதே இரவுக்கு நர்ஸ் போடும் மதிப்பெண் நோயாளி போடுவதைவிடக் கூடுதலாகவே இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காலை ரவுண்ட்ஸில் சிறுநீர் எத்தனை மில்லி என்று கேட்கிறார்கள். இதையும் கேட்கலாம்.

*

2018இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில் காதடைப்பானும் கண்மறைப்பும் இருக்கின்றன. மலிவானவை, நல்லவை. அதைவிட எனக்குப் பிடித்தது வேலைகளைச் சேர்த்து முடிப்பது. ஒரு மணிக்கு ரத்தம், ஒன்றரைக்கு சுகர், இரண்டுக்குப் புரட்டல் என்று போகாமல் மூன்றையும் ஒரே நேரத்தில் முடித்தால் இடையில் தொண்ணூறு நிமிடமாவது மிஞ்சும். உறக்கத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய அவ்வளவு போதும். மூன்று கட்டிலை ஒரே ஆளாகப் பார்க்கும் நைட் டூட்டி நர்ஸிடம் போய் இதைச் சொல்ல முடியாது. ஆள் போட வேண்டியவர்களிடம்தான் சொல்ல வேண்டும்.