கீரை கொய்தலும் கொலை மறுத்தலும்

ஊனுண்ணாத சைவரை நோக்கிப் பிறர் கேட்கும் பழைய வினா ஒன்றுண்டு. மரஞ்செடிகளுக்கும் உயிர் உண்டென்று நுங்கள் நூல்களே கூறுகின்றன. அங்ஙனமாயின், வல்லாரையைக் கொய்து சம்பல் அரைப்பவன் கொலை மறுத்தவனாவது எங்ஙனம்? யாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்தும் இவ்வினா எழுந்தது. இன்று நம் மாணாக்கரே கேட்கின்றனர். நாவலரவர்கள் கொலையையும் புலாலுண்ணலையும் கடிந்த நாலாம் பாலபாடத்தைக் கற்ற உபாத்தியாயர், விடை கூறாது நழுவுதல் தகாது.

செடிக்கு உயிரில்லை என்று தப்ப வழியில்லை. தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றார். சைவ நூல்கள் தாவரத்தை எழுவகைப் பிறப்பினுள் ஒன்றாக வைத்தன. ஆகவே கீரை கொய்தலும் ஓருயிரைத் தீண்டுதலே. ஆயினும் தீண்டுதல் வேறு, மாய்த்தல் வேறு. இவ்வேறுபாட்டை ஏட்டிற் காட்டுவதினும் பாத்தியிற் காட்டுதல் எளிது. வட்டக்கச்சி வளவுகளைப் பாருங்கள். 2009 இல் ஆளின்றி வெறுமையாய்க் கிடந்து, மீள்குடியேற்றத்தின்பின் மீண்டும் பச்சை கண்ட வளவுகள் அவை. கிணற்றடியிற் சிந்தும் நீரே அங்கு வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் போதும். பொன்னாங்காணியின் நுனியைக் கிள்ளினாற் கணுக்கள் தளிர்க்கும். வல்லாரை ஓடுகொடி விட்டுக் கணுவில் வேரூன்றும். முருங்கையோ முறித்த கொப்பை நட்டாலும் மரமாகும். அறுத்த ஆடு தளிர்ப்பதில்லை. முளைக்கீரையை மட்டும் வேரோடு பிடுங்குகின்றோம். அங்கே நம் வாதம் சற்றுத் தளர்கின்றது. விதைத்தபின் தானே மடியும் பூண்டு அதுவெனச் சமாதானம் கூறலாம். இளமையிலே பிடுங்குவதால் அச்சமாதானம் முழுதும் நில்லாது. உடம்பு நிலைபெற ஏதேனும் உண்ண வேண்டுதலின், அறிவு குறைந்த உயிரிடத்துக் குறைந்த அளவு கொள்ளுதலே நமக்கு இயல்வது.

இதனினும் கடிய வினா இலையின் கீழே இருக்கின்றது. சந்தையிற் கீரைப்பிடி வாங்குவோர் ஓட்டை விழுந்த இலையைக் கண்டாற் தள்ளிவிடுகின்றனர். ஆகவே பயிரிடுவோன் மருந்தடிக்கின்றான். ஒரு பிடிக்காக எத்தனை புழுக்கள் மடிந்தன என்பதை வாங்கினோர் காண்பதில்லை. வாங்குவோனும் கொலையிற் பங்காளியே என்று திருவள்ளுவர் புலான்மறுத்தலிற் காட்டிய நியாயம் இக்கீரைப்பிடிக்கும் பொருந்துமன்றோ? வெள்ளிக்கிழமை விரதத்துக்கு வாங்கிய பிடியாயின் சொல்லவும் வேண்டுமோ!

வீட்டு வளவிலே பயிரிடுவோர்க்கு இக்கொலை கண்முன் நிகழும். கண்டவன் கை கூசும். ஓட்டையிலையை நறுக்கிவிட்டு மிகுதியைச் சமைக்கலாம். புழுவைக் குச்சியால் எடுத்து அப்பால் விடலாம். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். வேம்பு பெரிதும் புழுவின் தீனியையும் வளர்ச்சியையும் தடுப்பது. அதனாலும் சில மடியும் என்பதை மறைத்தல் பொய்யாம். 2021 இல் அரசாங்கம் செயற்கையுரத்தினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதியைத் தடுத்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை நீங்கிற்று. 2022 யூன் மாதத்திலோ, உணவு முட்டுப்பாட்டுக்கு அஞ்சி, வீட்டுத்தோட்டஞ் செய்யும்பொருட்டு அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் ஓய்வு அளிக்கப்பட்டது. முட்டுப்பாட்டுக்கு அஞ்சி நட்ட பாத்தி அது தீர்ந்தவுடன் பாழாதல் கூடும். யாம் கூறுவது வேறு காரணம்பற்றிய தோட்டம்.

இனி மயிர்க்கொட்டி. மாரி காலத்திலே முருங்கையின் அடிமரத்தில் அவை கூட்டமாய் அடைகின்றன. பந்தம் கொளுத்திச் சுடுதல் நம்மவர் வழக்கம். மேனியிற் பட்டாற் சொறிந்து தடிக்குமாதலின், சிறுவர் நடமாடும் முற்றத்திலே அவற்றை விட்டுவைக்கச் சொல்லுதல் எளிதன்று. ஆயினும், எறும்பை மிதியாதே என்று காலையிற் படிப்பித்த வாயினால், மாலையிற் பந்தம் கொண்டுவா என்று மாணாக்கனை ஏவலாமோ? வாசலில் நிற்கும் மரத்துக்கு மட்டும், வேறு வழியின்றேல், பெரியோர் கையால், விளையாட்டின்றிச் செய்க என்பதே எமது துணிவு. இது கண்டிப்பு மிகுதி என்பாரும் உளர். தளர்வு என்பாரும் உளர். வளவின் கோடியில் நிற்கும் மரத்தை அப்படியே விட்டுவிடலாம். இலை முழுவதும் இழந்தாலும் அது மீளத் தளிர்க்கும்.