ஆகாஸ் கேட்ட இம்மானுவேல்
(தியானப் பகுதி: ஏசாயா 7:1-16)

கிறிஸ்து பிறப்பின் ஆராதனைகளில் ஏசாயா 7:14 வாசிக்கப்படாத திருச்சபை அரிது. ஆயினும் அவ்வாக்கை முதலில் கேட்டவன் யூதாவின் அரசனாகிய ஆகாஸ் என்பது பலருடைய நினைவில் நிற்பதில்லை. கி.மு. 735ஐ ஒட்டிய காலத்தில் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் எருசலேமுக்கு விரோதமாக எழும்பியபோது, நடுங்கி நின்ற அவனுக்கே இவ்வடையாளம் அருளப்பட்டது. பிறக்கும் பிள்ளை நன்மை தீமை அறியுமுன்னே அவ்விரு அரசர்களின் தேசம் பாழாகும் என்றார் தீர்க்கதரிசி. ஆகாஸோ கர்த்தரை நம்பாமல் அசீரியாவின் தயவை நாடினான்.

ஏசாயா உரைத்த எபிரெயச் சொல் ‘அல்மா’. இளம்பெண் என்பது அதன் பொருள். கிறிஸ்துவுக்கு முன்பே வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், கன்னியைக் குறிக்கும் ‘பார்த்தெனோஸ்’ என்னும் சொல்லை அங்கு இட்டனர். மத்தேயு அவ்வாசகத்தின் வழியே இயேசுவின் பிறப்பில் வாக்கின் நிறைவைக் கண்டார். இரண்டாம் நூற்றாண்டில் இரத்தசாட்சியான ஜஸ்டின் எழுதிய நூலில், திரிபோ என்னும் யூதருடன் இச்சொல்லைக் குறித்தே வாதம் நிகழ்கிறது.

புத்தகங்களின் வரிசையிலும் இவ்வேறுபாடு உண்டு. எபிரெய வேதத்தில் தீர்க்கதரிசிகள் நடுவில் அமைய, நாளாகமம் இறுதியில் நிற்கிறது. கிறிஸ்தவ வேதாகமத்திலோ மல்கியாவை வாசித்து முடித்தவுடன் மத்தேயு தொடங்குகிறது. எதிர்பார்ப்பும் நிறைவும் அடுத்தடுத்த பக்கங்களாகின்றன.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வேதாகமச் சங்கம் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, ஏசாயாவில் ‘கன்னிகை’ என்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம், ஏசாயாவில் ‘இளம்பெண்’ என்றும் மத்தேயுவில் ‘கன்னி’ என்றும் உரைக்கிறது. இதைக் கண்டு கலங்குவோர் உண்டு. கலங்க வேண்டுவதில்லை. கன்னி மரியாளுக்குத் தேவதூதன் அளித்த செய்தியை விரிவாக எழுதிய லூக்கா, ஏசாயாவின் இவ்வசனத்தை மேற்கோள் காட்டவேயில்லை. திருச்சபையின் விசுவாசம் ஒரு சொல்லின்மேல் கட்டப்பட்டதன்று.

கிறிஸ்துவின் ஒளியில் தீர்க்கதரிசிகளை வாசிப்பது விசுவாச அறிக்கை. முதலில் கேட்டவர்களைப் பொய்யராக்கும் தீர்ப்பன்று. யூதர் கண்ணிருந்தும் குருடர் என்று பிரசங்க பீடங்கள் பல நூற்றாண்டுகள் முழங்கின. அம்முழக்கம் வெறுப்பை வளர்த்தது. குற்றமற்ற இரத்தம் சிந்தப்படவும் துணைபோயிற்று. இயேசுவே அந்த ஜனத்தில் பிறந்து, அவர்களுடைய ஜெப ஆலயத்தில் நின்று ஏசாயாவின் சுருளை வாசித்தவர்.

ஆகாஸின் குறை எபிரெயம் அறியாமையன்று, நம்பாமையே. ‘தேவன் நம்மோடு’ என்னும் நாமத்தைப் பிறரை வெல்லும் ஆயுதமாக்குகிறவனும் அடையாளத்தைப் பெற்றும் நம்பாதவனே. வேதத்தை உண்மையோடும் தாழ்மையோடும் வாசிக்கும் இருதயத்தை ஆண்டவர் தாமே தமது ஜனத்திற்கு அருள்வாராக. ஆமென்.