எது உலகப்பிரகாரம்?



நம்முடைய சபைகளிலே அடிக்கடி காதில் விழுகிற ஒரு பேச்சு உண்டு. "அவர் உலகப்பிரகாரமான ஆளுங்க" என்பார்கள். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் அதையே "வேர்ல்ட்லி" என்கிறார்கள். கம்பெனியில் வேலை பார்க்கிறவரை, "அவர் செக்யூலர் வேலையிலே இருக்கிறார்" என்று சொல்லுவார்கள். சொல்லுகிறது சுலபம். ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நிதானித்துப் பார்த்தோமா? அர்த்தம் தெரியாமல் தீர்ப்புச் சொன்னால் குற்றமில்லாதவனைக் குற்றவாளியாக்குவோம், குற்றமுள்ளவனைத் தப்பவிடுவோம்.

ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள். இந்த வார்த்தைக்குப் பக்கத்திலே ப்ரொஃபேன், மண்டேன், செக்யூலர், டெம்பரல் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. எல்லாம் லத்தீன் பாஷையிலிருந்து வந்தவை. ஒரே அர்த்தம்போலத் தோன்றினாலும் அவைகளின் வேர் வேறு வேறு.

ப்ரொஃபேன் என்பது இடத்தைக் குறித்த வார்த்தை. ஆலயத்துக்கு முன்னே, அதாவது வெளியே நிற்பது என்று அர்த்தம். மண்டேன் என்பதற்கு வேர் 'முண்டுஸ்'. அதற்கு உலகம் என்றும் பொருள், அலங்காரம் என்றும் பொருள். கிரேக்கிலே 'கொஸ்மோஸ்' என்ற வார்த்தையும் அப்படியே. கடையிலே விற்கிற காஸ்மெட்டிக்ஸ் என்ற பெயர் அந்த வேரிலிருந்து வந்ததுதான். ஸ்திரீகளின் அலங்காரத்தைப் பற்றிப் பேதுரு எழுதும்போது இந்த வார்த்தையைத்தான் போட்டிருக்கிறார் (1 பேதுரு 3:3).

மற்ற இரண்டும் காலத்தைக் குறித்தவை. டெம்பரல் என்றால் காலத்துக்கு உட்பட்டது. செக்யூலர் என்பது 'சேக்குலும்' என்ற வார்த்தையிலிருந்து வந்தது, அதற்கு ஒரு தலைமுறை, ஒரு யுகம் என்று பொருள். வேர்ல்ட் என்ற ஆங்கில வார்த்தையே பழைய காலத்தில் 'மனுஷன்', 'காலம்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உண்டானது. தமிழிலே நமக்கு அருமையான வார்த்தை இருக்கிறது: இம்மை. மத்தேயு 12:32-இல் நம்முடைய வேதாகமம் அதையே எடுத்துக்கொண்டது. அங்கே கிரேக்கில் இருப்பது 'ஐயோன்', அதாவது யுகம். ரோமர் 12:2-லும் அதே வார்த்தைதான், அங்கே தமிழில் 'பிரபஞ்சம்' என்று வாசிக்கிறோம்.

ஆக, உலகப்பிரகாரம் என்பதற்கு மூன்று வாசல் உண்டு: இடம், அலங்காரம், காலம். முதல் இரண்டு வாசலுக்கும் நாம் பலமான காவல் வைத்திருக்கிறோம். மூன்றாவது வாசல் திறந்தே கிடக்கிறதோ என்பதுதான் என் பாரம்.

முதலாவது, இடம். புதியம்புத்தூரிலே ரெடிமேட் தொழிலை நம்பி எத்தனை குடும்பங்கள்! மழை பொய்த்தால் கரிசல் காடு கைவிடும், தையல் மிஷின்தான் அடுப்பை எரியவைக்கும். துணி வெட்டுகிறவர், தைக்கிறவர், காஜா எடுக்கிறவர், பட்டன் கட்டுகிறவர் எல்லாம் 'உலக வேலை' செய்கிறவர்களா? அப்படியானால் தொற்காள் தைத்த அங்கிகளை என்ன சொல்லுவோம் (அப். 9:39)? இரத்தாம்பரம் விற்ற லீதியாளை என்ன சொல்லுவோம்? கூடாரம் தைத்த பவுலை என்ன சொல்லுவோம்? கத்தோலிக்க சபையில் மடத்துக்குள் இராமல் ஊருக்குள் ஜனங்களோடே இருந்து ஊழியம் செய்கிற குருமாரையே செக்யூலர் குருக்கள் என்று அழைக்கிறார்கள். 1976-இல் நம் அரசியல் சட்டத்தின் முகவுரையில் இந்த வார்த்தையைச் சேர்த்தபோதும், அரசாங்கம் ஒரு மதத்தின் பக்கம் சாயக்கூடாது என்பதுதான் கருத்து, தேவன் இல்லை என்பதல்ல. ஆகவே வேலை செய்கிற இடம் ஒருவனை உலகத்தான் ஆக்குவதில்லை. தம்முடையவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவர் கேட்கவில்லையே (யோவான் 17:15).

இரண்டாவது, அலங்காரம். "அப்படின்னா நகை போடலாமா?" என்று சிலர் உடனே கேட்பீர்கள். அவசரப்படாதிருங்கள். நகை கழற்றின சாட்சியை நான் அற்பமாக எண்ணவில்லை. அதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஜெபக்கூட்டத்திலே ஒரே பாயில் உட்காரும்போது முதலாளி வீட்டு அம்மாவும் கூலிக்குத் தைக்கிற சகோதரியும் வித்தியாசமில்லாமல் இருக்கிறார்கள். ஏழை வெட்கப்படுகிறதில்லை. இது லேசான காரியமா?

ஆனால் கல்யாணப் பேச்சு வருகிறபோது என்ன நடக்கிறது? "நாங்க விசுவாசிங்க, பொண்ணுக்கு நகை வேண்டாம், அதுக்கு உண்டானதை ரொக்கமா பேங்க்ல போட்டுருங்க" என்கிற பேச்சு நம்முடைய வீடுகளிலே கேட்கப்படுகிறதா இல்லையா? கழுத்தை விட்டு இறங்கின பொன் பாஸ்புக்கிலே ஏறிக்கொண்டது! பாயிலே கிடைத்த சமத்துவம் நிச்சயதார்த்தத்திலே போய்விட்டது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்தது. உலகத்தின் சட்டம் தடுத்ததை, உலகத்தை வெறுத்தோம் என்கிறவர்கள் செய்யலாமா? இதுதான் வேலியே பயிரை மேய்கிறது.

மூன்றாவது, காலம். இங்கேதான் வேர் இருக்கிறது. தேமாவை நினைத்துப் பாருங்கள் (2 தீமோ. 4:10). அவன் குடித்தான் என்றோ, பொன் அணிந்தான் என்றோ எழுதியிருக்கவில்லை. அவன் 'ஐயோனை', இந்தக் காலத்தை நேசித்தான், அவ்வளவுதான். இம்மையே எல்லாம் என்று கணக்குப் போடுகிறவன் எவனோ அவனே உலகப்பிரகாரமானவன். அவன் வெள்ளை உடுத்தியிருக்கலாம், மைக் பிடித்து ஜெபிக்கிறவனாகவும் இருக்கலாம்.

இதைச் சோதித்தறிய ஒரு வழி சொல்லுகிறேன். தீபாவளி, கிறிஸ்துமஸ் சீசனிலே ராத்திரி முழுவதும் தைத்தவளுக்குப் பீஸ் கணக்குப்படி கூலி கொடுக்கும்போது கை எப்படி நீளுகிறது என்று பாருங்கள். கூலிக்காரன் கூலி விடியுமட்டும் நம்மிடத்தில் தங்கக்கூடாது என்று நியாயப்பிரமாணம் சொல்லுகிறது (லேவி. 19:13). பிடித்துவைத்த கூலி கூப்பிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக். 5:4). மறுமை உண்டு என்று மெய்யாகவே நம்புகிறவன் அந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான். நம்பாதவன், "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்பான்.

பிரியமானவர்களே, வேலியைப் பிடுங்கச் சொல்லவில்லை. வேலி வேண்டும். ஆனால் வேலியை மட்டும் கட்டிவிட்டு, உள்ளே விதைக்காதவன் அறுப்புக் காலத்திலே எதை அறுப்பான்? அடுத்தவரைப் பார்த்து "வேர்ல்ட்லி" என்று சொல்ல வாய் திறக்குமுன், நம்முடைய பாஸ்புக்கையும் கூலி நோட்டையும் கர்த்தருடைய சமுகத்திலே விரித்து வைப்போம். அவர் காட்டுகிறதைச் சரிசெய்வோம்.

கர்த்தர் தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.