சாளரக் கதவும் உரிமையும்

வீட்டிற்கு வெளிச்சம் வேண்டும். வீட்டிலுள்ளார்க்கு மறைவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையென்று கருதுவோர் நம்மிற் பலர். சிங்கப்பூர், பினாங்கு நகரங்களின் பழைய கடைவீடுகளைக் கண்டோர் அவ்வாறு கருதார். அவற்றுட் சிலவற்றின் மேல்மாடிச் சாளரக் கதவுகளில், திருப்பத்தக்க மரச்சட்டங்கள் வரிசையாய்ப் பொருந்தியுள்ளன. சட்டங்களைச் சாய்த்தால் காற்றும் ஒளியும் நுழையும். தெருவில் நிற்பவன் பார்வை நுழையாது. பகலில் வெளியே ஒளி மிகுதியாதலின் உள்ளிருப்போர் எளிதிற் புலப்படார். இரவில் விளக்கேற்றியதும் நிலைமை தலைகீழாகும். அப்போது சட்டங்களை மூடுதல் வேண்டும். ஆதலின் கதவு நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதைத் திறக்கவும் மூடவும் உரியவர் யாவர் என்பதே நாம் எழுப்பும் வினா.

மானம் என்று சொல்லிப் பகலெல்லாம் சாளரத்தைச் சாத்தச் சொல்பவர் ஆடவர். பட்டப்பகலில் விளக்கேற்றி வேலை செய்பவர் பெண்மக்கள். தாமே விரும்பி மூடினால் அது மறைவு. பிறர் ஆணையால் மூடினால் அது சிறையன்றோ?

ஏழை மக்களுக்கோ இவ்வினாவே எழவில்லை. சிங்கப்பூர்க் கடைவீடுகளைப் பலகைகளால் தடுத்து அமைத்த இருட்டறைகளின் கேட்டைப் பேராசிரியர் சிம்ப்ஸன் 1907-இல் வெளியான தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். காற்றும் ஒளியும் புகப் பின்சந்துகள் திறக்க வேண்டுமென்றார். சாளரமே இல்லாதவன் எதைத் திறப்பான், எதை மூடுவான்? பலகைக்கு அப்பாலிருப்பவன் இருமல்கூடக் கேட்கும் அறையில் மறைவுதான் ஏது?

வீடு அமைப்போரே! முதலில் ஒவ்வோர் அறைக்கும் சாளரம் வையுங்கள். பின்னர்க் கதவு பொருத்துங்கள். அதன் கைப்பிடி, அவ்வறையில் வாழ்பவள் கைக்கு எட்டட்டும்.