வெளியே அனுப்பலாம், கறை பூசி அனுப்பலாமா?

கருவறைக்குள் நுழைய மறுத்த ஓர் இராணுவ அதிகாரியின் மனுவை 2025 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன் 2017 மார்ச்சில் மூன்றாவது கேவல்ரி ரெஜிமெண்டில் சேர்ந்தவர். சீக்கிய வீரர்கள் கொண்ட 'பி' ஸ்குவாட்ரனில் ஒரு ட்ரூப்புக்குத் தலைவர். வாரந்தோறும் நடக்கும் சமய அணிவகுப்பில் தன் வீரர்களோடு கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் போவார். காலணியைக் கழற்றுவார், தலைப்பாகை கட்டுவார், முற்றத்தில் மரியாதையோடு நிற்பார். பூசை நடக்கும் உள்ளிடத்துக்குள் மட்டும் வரமாட்டேன், என் கிறிஸ்தவ நம்பிக்கை இடம் தரவில்லை என்றார். மேலதிகாரிகள் பலமுறை எடுத்துச் சொன்னார்கள், போதகர்களையும் விட்டுப் பேசச் சொன்னார்கள். அவர் அசையவில்லை. 2021 மார்ச்சில் பென்ஷனும் பணிக்கொடையும் இல்லாமல் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். 2025 மே 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சூர்ய காந்த், நீதிபதி ஜாய்மால்யா பாக்சி அமர்வோ, வேறு எதில் அவர் சிறந்தவராக இருந்தாலும் இந்திய இராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்று சொல்லி முடித்துவிட்டது.

பொருந்தாதவர் என்றால் வெளியே அனுப்புங்கள். படைக்கு அந்த உரிமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் பொருந்தாதவர் என்பதும் குற்றவாளி என்பதும் ஒன்றா? மனசாட்சிக்காக ஒரு வாசலில் நின்றுவிட்ட மனிதரைக் கையாடல் செய்தவரோடும் களத்தைவிட்டு ஓடியவரோடும் ஒரே சொல்லில் கட்டி வீட்டுக்கு அனுப்பியது அறமன்று. சட்டப்படி சரியாக இருக்கலாம். அறப்படி அளவு மீறிய தண்டனை.

டிஸ்மிஸ் என்ற சொல் என்ன செய்யும் என்பது திருச்சிப் பக்கத்துக் கிராமங்களுக்கு நன்றாகத் தெரியும். மணப்பாறை, துறையூர், முசிறி வட்டாரங்களில் பட்டாளத்துக்காரர் வீடு என்று அடையாளம் சொல்வது இன்றும் வழக்கம். சிப்பாயாக இருந்து திரும்பி வருகிறவர் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் டிஸ்சார்ஜ் புக். எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தப் பிரிவு, என்ன பதக்கம், என்ன காரணத்துக்காக வெளியே வந்தார், நடத்தை எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். நடத்தைக்கான கட்டத்தில் எழுதியிருக்கும் ஒன்றிரண்டு சொற்கள்தாம் அவருடைய மீதி வாழ்க்கை. கேன்டீன் கார்டுக்கும், மருத்துவ உதவிக்கும், வங்கியில் செக்யூரிட்டி வேலைக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் நீட்ட வேண்டும். டிஸ்மிஸ் ஆனவருக்கு அதுவரை செய்த பணிக்குப் பென்ஷன் இல்லை என்பது பொது விதி. குடியரசுத் தலைவர் மனம் வைத்தால் மட்டும் விதிவிலக்கு. ஒழுங்கீனம், திறமையின்மை என்று காரணம் காட்டி வெளியேற்றப்பட்டவர் 'முன்னாள் படைவீரர்' என்ற அரசு வரையறைக்குள்ளேயே வரமாட்டார். பனிமலையில் பத்தாண்டு காவல் நின்றவர், காகிதத்தின்படி படைவீரராகவே இருந்ததில்லை என்று ஆகிவிடுகிறது. ஊர் வாய் இதைவிடக் கொடியது. என்ன செய்தாரோ, சும்மாவா அனுப்புவார்கள் என்ற கேள்வி அவருடைய மகளின் கல்யாணப் பேச்சு வரை வந்து நிற்கும்.

ஆகவே கேள்வி ஓர் அதிகாரியைப் பற்றியது மட்டும் இல்லை. படை தன் பிள்ளை ஒருவனைக் கைவிடும்போது எந்த அளவு வரை போகலாம், போன பிறகு அந்தக் கறையைத் துடைக்க வழி இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. டாங்கிக்குள் உயிரைக் கையில் பிடித்து உட்கார்ந்திருக்கும் வீரர்களுக்குத் தங்கள் தலைவர் தங்களில் ஒருவர் என்ற உறுதி வேண்டும். போர்முழக்கமே சாமி பெயராக இருக்கும் பிரிவுகளில் தலைவர் வாசலோடு நின்றால் மனம் சுருங்கும். படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 33ஆம் பிரிவு அரசமைப்பில் சும்மா எழுதப்படவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும், அவர் அந்த ஸ்குவாட்ரனில் நீடிக்கக் கூடாது என்பது வரைதான் இந்த வாதம் போகிறது. வேறு பிரிவுக்கு மாற்றுவதையோ, கௌரவமாக விடுவிப்பதையோ அது தடுக்கவில்லை. விஷயம் சமயம் சார்ந்தது, மென்மையானது, கோர்ட் மார்ஷல் வேண்டாம் என்று முடிவெடுத்து, நிர்வாக ஆணையாலேயே அவரை நீக்கினார்கள். விசாரணைக்குக் கொண்டுவர முடியாத அளவுக்கு மென்மையான விஷயத்துக்குத் தண்டனை மட்டும் ஏன் இத்தனை வன்மையாக இருந்தது?

குற்றத்தை முறைப்படி ஆராய வேண்டும், அது மறுபடி நடக்காத அளவுக்குத் தண்டிக்க வேண்டும், ஓங்கும்போது கடுமையாக ஓங்கினாலும் அடி மெதுவாக விழ வேண்டும் என்று வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்துவிட்டார். கொடியவரைக் களையெடுக்கச் சொன்னவரும் அவரே என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே அவர் காட்டுவது கொலைக்கு அஞ்சாத கொடியவரை. வாசலில் மரியாதையோடு நின்றவரை எந்த உரையாசிரியரும் களை என்று சொல்லமாட்டார்.

நம் நீதிமன்றத்துக்கே ஒரு காலத்தில் இந்த அளவுகோல் கைவந்திருந்தது. சிக்னல்மேன் ரஞ்சித் தாக்கூர் என்ற சிப்பாய், தனக்கு நடக்கும் கொடுமையைப் பற்றி நேராக உயரதிகாரிகளுக்கு எழுதிவிட்டார். முறை தவறி எழுதியதற்காக 28 நாள் கடுங்காவல். அந்தக் காவலில் இருக்கும்போது ஒரு சுபேதார் வந்து சாப்பிடச் சொன்னார். இவர் சாப்பிடவில்லை. அவ்வளவுதான் குற்றம். சட்டப்படியான உத்தரவை மீறியதாகச் சம்மரி கோர்ட் மார்ஷல் கூடியது. முதல் தண்டனை கொடுத்த அதே கமாண்டிங் ஆபீசர் அதிலும் உட்கார்ந்தார். ஓராண்டுச் சிறை, கூடவே டிஸ்மிஸ். பசித்த வயிற்றோடு தட்டைத் தள்ளிவைத்த மனிதருக்கு இது. 1987இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. தண்டனை குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாதது, மனசாட்சியை உலுக்குகிறது என்று நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா எழுதி, எல்லாவற்றையும் ரத்து செய்து அவரைத் திரும்பவும் வேலையில் சேர்க்கச் சொன்னார். படை கலைந்துவிட்டதா? ஒழுக்கம் குலைந்துவிட்டதா? ஒன்றும் நடக்கவில்லை.

2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கிலும் அதே மனம் பேசியது. தண்டனை பெற்றதைக் குறிக்கும் சிவப்பு மைப் பதிவு நான்கு சேர்ந்துவிட்டால் சிப்பாயை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் படையில் உண்டு. நான்கு என்று எண்ணிப் பார்த்து அனுப்ப முடியாது, விசாரிக்க வேண்டும், எத்தனை ஆண்டு உழைத்தார், எத்தனை கடினமான இடங்களில் நின்றார் என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பென்ஷனுக்குத் தேவையான காலம் முடியும் வரை அவர் பணியில் இருந்ததாகவே கொள்ள ஆணையிட்டது. இராணுவச் செவிலியர் அதிகாரி செலினா ஜானின் கதை இன்னும் வேடிக்கை. கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988இல் அனுப்பப்பட்டார். அனுப்பிய விதியைப் படையே 1995இல் கைவிட்டது. அவருக்கு நியாயம் கிடைத்தது 2024 பிப்ரவரியில், 60 லட்சம் ரூபாய் இழப்பீடாக. முப்பத்தாறு ஆண்டுகள்!

இந்த மூன்றாவது கதையில்தான் நாம் பயப்பட வேண்டிய உண்மை இருக்கிறது. உத்தரவுகள் மாறும், உத்தரவுக்காக விழுந்த கறை மட்டும் மாறாது. 1806 மே மாதம் வேலூரில் புதுத் தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்து நீக்கினார்கள். திருநீறும் நாமமும் தாடியும் கூடாது என்ற உத்தரவோடு வந்த தலைப்பாகை அது. ஜூலை 10 அன்று கோட்டை வெடித்தது. அதன்பின் அந்த உத்தரவு வாபஸானது. ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அன்று ஒழுங்கீனம் என்று எழுதப்பட்ட செயலுக்கு இன்று நாம் விழா எடுக்கிறோம். கமலேசன் செய்ததும் நாளை கொண்டாடப்படும் என்பது இதன் பொருள் அன்று. அதிகாரம் எழுதும் தீர்ப்பில் திருத்துவதற்கு ஓரம் விட்டு எழுத வேண்டும் என்பதே பொருள்.

ஓரம் விட்டு எழுதும் பண்பு நம் ஊருக்குப் புதிதன்று. உறையூருக்குள் நுழைந்த இளந்தத்தன் என்ற புலவனைப் பகைவனின் ஒற்றன் என்று எண்ணிக் கொல்லப் போனான் சோழ மன்னன் நெடுங்கிள்ளி. முற்றுகைக் காலம், சந்தேகம் நியாயமானதும்கூட. புலவர் கோவூர் கிழார் குறுக்கே போய் நின்றார். பரிசிலர் வாழ்க்கை இன்னது, அவர்கள் யாருக்கும் தீங்கு எண்ணாதவர்கள் என்று எடுத்துச் சொல்லி உயிரை மீட்டார். மறு ஆய்வு மனு என்ற ஏற்பாடு வருவதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே, போர்க்கோலத்தில் இருந்த அரசன் ஒருவன் உறையூரில் தன் முடிவை மாற்றிக்கொண்டான். ஆராயாமல் தண்டித்த பாண்டியன் கதை மதுரையில் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

திருவரங்கத்துக்கு வாருங்கள். பொன்வட்டில் திருடியதாகப் பழி சுமந்து சிறைப்பட்ட விப்ரநாராயணரை மீட்டுத் தொண்டரடிப்பொடி ஆழ்வாராக்கியது இந்தக் கோயில் என்கிறது குருபரம்பரை. அதைவிட ஆழமானது திருப்பாணாழ்வார் கதை. உறையூர்ப் பாணர், கோயிலுக்குள் வர உரிமை இல்லாதவர், காவிரியின் தென்கரையில் கண்மூடிப் பாடிக்கொண்டு நிற்கிறார். திருமஞ்சனத்துக்குக் குடத்தோடு வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்கிறார். பாட்டில் கரைந்தவருக்குக் காதில் விழவில்லை. முனிவர் கல்லை எடுத்து எறிகிறார், நெற்றியில் ரத்தம். குடத்தோடு கோயிலுக்குத் திரும்பினால் அரங்கன் நெற்றியிலும் ரத்தம். பிறகு வந்த ஆணைதான் முக்கியம். வேறு யாரையும் அனுப்பாமல், கல்லெறிந்தவரையே அனுப்பி, அவர் தோளிலேயே பாணரைச் சுமந்து கருவறைக்குக் கொண்டுவரச் செய்தான் அரங்கன். முனிவரைக் கைங்கரியத்திலிருந்து நீக்கியதாகக் கதை சொல்லவில்லை என்பதையும் கவனிக்கலாம். அவர் வேலை அவரிடமே இருந்தது. செய்த தவற்றைத் தானே சுமக்க வேண்டும் என்பது மட்டுமே அவருக்கு விதிக்கப்பட்டது.

ஒருவரை உள்ளே வராதே என்று கல்லால் அடித்தார்கள், இன்னொருவரை உள்ளே வந்தே தீர வேண்டும் என்று ஆணையால் அடித்தார்கள். இரண்டிலும் அடித்த கையே அணைக்க வேண்டும் என்பதுதான் இந்த மண்ணின் அறம். நீதிமன்றம் போ, ஆண்டுக்கணக்கில் அலை, முடிந்தால் பெயரை மீட்டுக்கொள் என்று படை கைகழுவுவது அறம் ஆகாது.

அமெரிக்காவைப் போர்வெறி பிடித்த நாடு என்று திட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே 1944ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இந்தக் கறையைத் துடைக்க வழி வைத்துவிட்டார்கள். கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்ட ஒரு மரீன் வீரர் 15 ஆண்டுகளுக்குள் கடற்படையின் டிஸ்சார்ஜ் மறு ஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். காலம் கடந்துவிட்டால் ஆவணத் திருத்த வாரியம் இருக்கிறது. வியட்நாமில் போரிட்டு மனம் சிதைந்து, அந்தச் சிதைவாலேயே தவறு செய்து துரத்தப்பட்டவர்களின் மனுக்களைத் தாராளமாகப் பார்க்கும்படி 2014இல் பாதுகாப்புச் செயலர் ஹேகல் ஆணையிட்டார். எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை, வருடக்கணக்கில் இழுக்கிறது என்ற புகார்கள் அங்கும் உண்டு. ஆனாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது. கேட்பவர் கோருவது பழைய வேலையை அல்ல, காகிதத்தில் உள்ள ஒரு சொல்லை மாற்றுவதை.

இங்கே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. திருச்சிக்காரர் சென்னைக் கிளைக்குப் போக வேண்டும். இறுதி ஆணை வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்கலாம் என்றாலும் மன்னிப்பது அவர்கள் விருப்பம். டிஸ்மிஸ் ஆகி ஊர் திரும்பிய சிப்பாய்க்கு முதல் ஆறு மாதம் வீட்டு வாசலைத் தாண்டவே கூச்சமாக இருக்கும். வக்கீல் எங்கே, பணம் எங்கே? அப்படியே போனாலும் அது வழக்கு. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இந்திய ஒன்றியம். கறையைத் துடைக்க மட்டுமே உட்காரும் வாரியம், வழக்காடாமல் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கும் வாரியம் நம்மிடம் இல்லை.

அதைக் கேட்க வேண்டும். பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் கேட்க வேண்டும். திருவரங்கத்தையும் கன்டோன்மென்ட்டையும் ஒரே தொகுதியில் வைத்திருக்கும் திருச்சி மக்களவை உறுப்பினர் அவையில் கேட்கட்டும். படைகளே அமைக்கும் மறு ஆய்வு வாரியம், 15 ஆண்டு அவகாசம், மனசாட்சி காரணமாக நீக்கப்பட்டவர்களுக்கு டிஸ்மிஸ் என்பதை விடுவிப்பு என்று மாற்றும் அதிகாரம், இந்த மூன்றும் போதும். அப்படி ஒரு வாரியம் அமைந்தால் முதல் நாளில் எடுக்கப்படும் கோப்புகளில் மூன்றாவது கேவல்ரியின் அந்த லெப்டினன்ட்டின் கோப்பும் இருக்க வேண்டும்.