கிறிஸ்து போதாதா?



கள்ள உபதேசம் என்றவுடனே நமக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? இயேசு தேவன் அல்ல என்கிறவர்களும் சிலுவையை மறுதலிக்கிறவர்களும்தான். அப்படி ஒருவன் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவோம். ஆனால் கொலோசெ சபைக்குள் நுழைந்த உபதேசம் இயேசு வேண்டாம் என்று சொன்னதாக நிருபத்தில் ஓரிடத்திலும் இல்லை. இயேசுவும் வேண்டும், கூடவே இதுவும் வேண்டும் என்ற விதமாகத்தான் அது வந்தது. கிறிஸ்துவோடு வேறொன்றைக் கூட்டினால் நம் விசுவாசம் கூடுமா, குறையுமா? இதைத்தான் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

கொலோசெ, சின்ன ஆசியாவில் எபேசுவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 மைல் தூரத்தில் இருந்த பட்டணம். லவோதிக்கேயாவும் எராப்போலியும் பக்கத்து ஊர்கள். இன்றைக்கு அது துருக்கி தேசத்தில் ஹோனாஸ் என்ற ஊரின் அருகே ஒரு மண்மேடு. அங்கே சுவிசேஷத்தைக் கற்றுக்கொடுத்தவர் எப்பாப்பிரா (1:7). பவுல் அந்த ஜனங்களின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை (2:1). ஆனாலும் சிறையில் இருந்துகொண்டு அவர்களுக்காகப் போராடினார்.

அந்தப் பகுதியில் பல ஜாதிகளும் பல வழிபாடுகளும் கலந்திருந்தன. கிறிஸ்துவுக்கு 200 வருஷங்களுக்கு முன்னமே 3-ம் அந்தியோகஸ் ராஜா 2,000 யூதக் குடும்பங்களை லீதியாவிலும் பிரிகியாவிலும் குடியேற்றினான் என்று சரித்திரக்காரன் யோசேப்பஸ் எழுதியிருக்கிறான். இந்தக் கலப்பின் சாயல் 2-ம் அதிகாரத்தில் தெரிகிறது. சாப்பாடு, பண்டிகை, அமாவாசை, ஓய்வுநாள் என்று ஒரு பக்கம் சட்டம். தேவதூதர் ஆராதனை, தரிசனம், வெளியே காட்டும் தாழ்மை என்று இன்னொரு பக்கம். தொடாதே, ருசிபாராதே என்ற கட்டளைகள் வேறு.

இதற்குப் பவுல் என்ன பதில் கொடுத்தார்? சட்டங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னே, 1-ம் அதிகாரத்திலேயே கிறிஸ்துவை உயர்த்திவிட்டார். காணப்படுகிறவை மாத்திரமல்ல, காணப்படாத சிங்காசனங்களும் அதிகாரங்களும் அவராலே உண்டாயின என்கிறார். அப்படியானால் இவர்கள் வணங்கின தேவதூதர்களும் அவருடைய கைவேலைதானே! தேவத்துவத்தின் பரிபூரணம் முழுவதும் அவரிடத்தில் இருக்கிறது, நீங்களும் அவருக்குள் நிறைவாக்கப்பட்டிருக்கிறீர்கள் என்பது 2:9,10-ன் கருத்து. குடம் நிறையத் தண்ணி இருக்கும்போதே ஒருத்தன் அதைத் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினால் என்ன அர்த்தம்? தன் குடம் காலி என்று அவன் நினைக்கிறான். கிறிஸ்துவோடு ஒன்றைக் கூட்டுகிறவனும், தனக்குத் தெரியாமலே, கிறிஸ்து குறைவுள்ளவர் என்றுதான் சொல்லுகிறான்.

இது வெறும் வேத ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாயார் சர்க்கரை வியாதிக்காரர். மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருக்க முடியாது. "நீங்க உபவாசம் போடுறதில்ல, அதனாலதான் உங்க ஜெபம் மேல போகல" என்று ஒருவர் அவரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா என்னிடம் வந்து, "தம்பி, நான் இயேசுவை நம்பினது பத்தாதா?" என்று கேட்டார். கொலோசெயர் நிருபம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லுகிறது. பத்தும்மா! நமக்கு விரோதமான கடன் பத்திரத்தை அவர் சிலுவையிலே ஆணியடித்துவிட்டார் (2:14). புரோநோட்டைக் கிழிச்ச பிறகு எவனாவது வட்டி கேட்டு வாசலில் நின்றால் அவனுக்குப் பணம் கொடுப்போமா?

அப்படியானால் உபவாசம் வேண்டாமா, தரிசனம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், பிரியமானவர்களே! பவுலே உபவாசித்தவர், தரிசனம் கண்டவர். 2:18-ல் காணாதவைகளைப் பற்றி நம் வேதாகமம் சொல்லுகிறது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது கண்டவைகள் என்று இருக்கிறது. எப்படி வாசித்தாலும் எச்சரிப்பு ஒன்றுதான். ஒருவன் மெய்யாகவே தரிசனம் கண்டிருந்தாலும், அது அவனுக்குத் தலையாகிவிடக் கூடாது. தலை கிறிஸ்து ஒருவரே (2:19).

எது பக்தி, எது கூட்டல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஒரு சோதனையை இந்த நிருபத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுகிறேன். உபவாசம் முடித்து எழுந்திருக்கும்போது, பக்கத்தில் இருக்கிற சகோதரனை நான் எப்படிப் பார்க்கிறேன்? அவன் எனக்குக் கீழே தெரிந்தால், என் உபவாசம் என் மாம்சத்துக்குத் தீனி போட்டிருக்கிறது. அவன்மேல் இரக்கமும் பொறுமையும் பெருகினால் அது கிறிஸ்துவிடத்திலிருந்து வந்தது. 3-ம் அதிகாரம் கேட்கிற கனி அதுதான். கிரேக்கன், யூதன், அடிமை, சுயாதீனன் என்ற வித்தியாசம் அங்கே இல்லை. இந்த நிருபத்தோடு கூடவே அனுப்பப்பட்ட ஒநேசிமு ஓர் அடிமை. அவனைத்தான் பவுல் உண்மையும் பிரியமுமான சகோதரன் என்று அழைக்கிறார் (4:9).

இந்தக் கூட்டல் சீக்கிரத்தில் விட்டுப்போகிற வியாதியல்ல. 4-ம் நூற்றாண்டில் பக்கத்து ஊராகிய லவோதிக்கேயாவில் கூடிய சபைச் சங்கம், தேவதூதர்களை நோக்கிக் கூப்பிடக் கூடாது என்று விதி எழுத வேண்டியிருந்தது. பவுல் எழுதி ஏறக்குறைய 300 வருஷமாகியும் வேர் அங்கேயே இருந்திருக்கிறது! நமக்குள்ளும் அது இருக்கலாம். ஆகையால் இந்த வாரம் கொலோசெயரின் 4 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். உங்கள் வார்த்தையினாலே யாராவது தன்னைக் குறைந்த விசுவாசி என்று எண்ணிக்கொண்டிருந்தால், அவர்கள் வீட்டுக்குப் போய், கிறிஸ்து உங்களுக்குப் போதுமானவர் என்று சொல்லி ஜெபித்துவிட்டு வாருங்கள்.

பரிபூரணராகிய கிறிஸ்து தாமே உங்கள் ஒவ்வொருவரையும் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.